புதுப்பிப்பு: ஸ்கிராட்சிலிருந்து பைத்தானுக்கு

எங்கள் தனியார் பள்ளியில் கணினி அறிவியல் துறைப் பொறுப்பு என்னிடம் வந்ததும், கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் ஸ்கிராட்ச் பழகிய பிள்ளைகளை, வரிவரியாக எழுதும் பைத்தான் நிரல்மொழிக்கு நேரே கொண்டுபோகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். நடுவில் மைக்ரோபிட் என்ற கையடக்கக் கணினிப் பலகையை வையுங்கள் என்றீர்கள். வைத்தாயிற்று.

அந்தச் சின்னப் பலகையில் 5×5 என்று 25 எல்இடிதான். ஆனாலும் தான் எழுதிய வரி விளக்காக எரிவதைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிடுகிறார்கள். அதற்கு நிரல் எழுதும் மேக்கோட் தளத்தில் கட்டங்களை அடுக்கி, அதையே பைத்தானாக மாற்றிப் பார்க்க முடிவது பெரிய வசதி.

இப்போதைய தலைவலி உள்தள்ளல், அதாவது பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி. ஒரு வரி இடப்பக்கம் நகர்ந்தால் அது சுழற்சிக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு, வெளியே போய்விடுகிறது. "சார், ஒரு தடவைதான் எரியுது!"

அப்புறம், டேப்லெட்டா லேப்டாப்பா என்பது இன்னும் நிர்வாகத்தின் மேசையில்தான். என் ஓட்டு லேப்டாப்புக்கு. விசைப்பலகை இல்லாமல் நிரல் எழுதச் சொல்வது வதை.