புதுப்பிப்பு: தென்னந்தோப்புக்கு வாங்கிய புல்வெட்டி, ஆறு மாதங்களுக்குப் பிறகு

இரண்டு ஏக்கர் தோப்புக்குப் பெட்ரோல் புல்வெட்டியா, பேட்டரியா என்று முன்பு கேட்டிருந்தேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தையே வாங்கினேன். தோப்பின் கோரையும் முள்ளும் பேட்டரிக்கு அடங்காது. வீட்டு முற்றம் என்றால் பேட்டரியே போதும், சத்தமும் குறைவு.

ஆனால் மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த இயந்திரம் தை மாதம் கிளம்பவே இல்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின்! தொட்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைத்தது என் தவறு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். இனி வேலை முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, தானே அணையும் வரை ஓடவிடுகிறேன்.

என் இயந்திரத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் கலக்கிறேன், அதாவது 50:1. உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவும் மறக்காதீர்கள்.

இன்னொன்று: தென்னங்கன்றின் அருகே பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலான் நரம்பைக்கூட ஓட்டாதீர்கள். ஒரு கன்றின் அடியில் விழுந்த வெட்டு இன்னும் ஆறவில்லை. கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கையால்தான் களை எடுக்கிறேன்.