மறு: மறு: மளிகை வாங்கித் தரும் செய்யறிவுக்கு என்ன பெயர்?

அன்பு நண்பர்களே,

ஒரு செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, அடுக்களையில் என்ன மிச்சம் என்று கேட்டு, வாரச் சமையலைத் திட்டமிட்டு, பட்டியல் போட்டு, கடைக்கு ஆர்டரும் அனுப்பிவிடும் செய்யறிவு (AI) அதில் இருக்கிறது. அதற்குப் பெயர் வேண்டும். திரையில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். இப்போதைக்கு ‘மளிகை முகவர்’ என்று வைத்திருக்கிறேன்.

———

முகவர் வேண்டாம் அம்மா. ‘அர்’ உயர்திணை விகுதி. “முகவர் பட்டியலை அனுப்பியது” என்றால் திணை வழு. “அனுப்பினார்” என்றால் கடை ஆள் யாரோ அனுப்பியதாகப் படும். மண்வெட்டி, நாள்காட்டி போல இகர விகுதி இருக்கிறதே, ‘முகவி’ என்று சொல்லலாம். மளிகையும் இடிக்கிறது. கன்னடத்தில் மளிகெ என்றால் கடை. சரக்குக்குக் கடையின் பெயரையா வைப்பது? நமக்குக் கூலம் இருக்கிறது. மணிமேகலை பாடிய சாத்தனாரே கூலவாணிகர்தான். ‘கூலமுகவி’ என்க.

———

> கூலமுகவி என்க

ஐயா, கூலம் தானியம். சோப்பும் பற்பசையும் அதில் எப்படி அடங்கும்? போதாததற்கு, லகரமும் ளகரமும் மயங்கும் வாயில் அது கூளம் ஆகிவிடும். குப்பைகூளம்தான் நினைவுக்கு வரும். பலசரக்கு என்பதில் என்ன குறை? மலையாளத்தாரும் அதையே சொல்கிறார்கள். ஒலிவாங்கி போல ‘சரக்குவாங்கி’.

———

வகுப்பில் ‘சரக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், பாடம் அதோடு போச்சு. அப்புறம், நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் ‘சரக்கு வாங்கி’ வினையெச்சம் ஆகிவிடும். வாங்கி என்ன செய்தான் என்று வாசகர் காத்திருப்பார்.

பெயரை விட எனக்குப் பொத்தான்கள்தான் கவலை. திட்டம் போடுவது வேறு, வாங்குவது வேறு. பட்டியலில் பிழை இருந்தால் அழித்துவிட்டு வேறு கேட்கலாம். பணம் போன பிறகு அப்படி முடியாது. கேட்ட பொருள் இல்லாதபோது இது வேறொன்றைக் கூடையில் போட்டுவிடும். ஒவ்வாமை உள்ள வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அந்த இடத்தில் ‘சரி’ என்று மட்டும் பொத்தான் வைத்தால், எதற்குச் சரி சொல்கிறோம் என்றே தெரியாது. ‘மாற்றுப்பொருளை ஏற்கிறேன்’ என்று முழுசாக எழுதுங்கள், இடம் போனால் போகட்டும்.

கடைசிப் பொத்தான் ‘வாங்கு’ என்றே இருக்கட்டும். ‘வாங்குங்கள்’ என்பது கருவி நம்மை ஏவுவது. ‘வாங்கு’ என்பது நாம் கருவியை ஏவுவது. பணம் நம்முடையது, ஏவலும் நம்முடையதாக இருக்க வேண்டும். மரியாதை குறைகிறது என்று இங்கே சிலர் சொல்வார்கள். அஃறிணைக்கு எதற்கு மரியாதைப் பன்மை?

———

> அஃறிணைக்கு எதற்கு மரியாதைப் பன்மை?

அதே கருவி “வணக்கம், என்ன சமைக்கப் போகிறீர்கள்?” என்று பன்மையில் பேசுகிறதே. பதிலுக்கு ஒருமையில் ஏவப் பலருக்குக் கை வராது. ‘வாங்கவும்’ என்று போட்டால் இரு பக்கமும் பொருந்தும்.

———

நண்பர்களே, நாளை கோப்பு போகிறது. பெரும்பாலோர் சாய்ந்தபடி ‘மளிகைமுகவி’ என்று வைக்கிறேன். பொத்தானில் ‘வாங்கு’. மாற்றுப்பொருள் வரியை முழுதாக எழுதிவிட்டேன். வாங்கவும் என்பதை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

———

கடையின் பெயரைச் சரக்குக்கு வைத்துவிட்டோம். என் மாணவர்களுக்குக் கூலமுகவி என்றே சொல்லிக்கொடுப்பேன்.