கலைச்சொல் வேண்டும்: ‘பிரேக் ஃபேட்’

சங்ககிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

லாரி விபத்து ஆய்வுச் சொற்பட்டியலில் ‘பிரேக் ஃபேட்’டுக்கு (சூடேறிய பிரேக்கின் பிடிமானம் குறைவதற்கு) இன்னும் சொல் அமையவில்லை. பழைய வரைவில் ‘பிரேக் செயலிழப்பு’ என்று போட்டிருக்கிறது. அது ஓட்டுநர் தலையில் போய் விடியும் தவறு.

செயலிழப்பு என்றால் தடயம் கையில் கிடைக்கும்: வெடித்த ஏர் ஹோஸ், கிழிந்த டயாஃப்ரம், முறிந்த புஷ்ராடு (காற்றழுத்தத்தில் நகர்ந்து பிரேக்கை இயக்கும் தண்டு). ஃபேட் அப்படியல்ல. தொப்பூர்க் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் வண்டியை, டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான். சூட்டில் லைனரின் (உரசிப் பிடிக்கும் பட்டையின்) பிடிமானம் குறைகிறது; டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை) விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. பெடலை அடிவரை மிதித்தாலும் வண்டி நிற்காது.

10 சக்கர வண்டிக்கு ஒரு தோராயக் கணக்கு. மொத்த எடை 28.5 டன். 100 மீட்டர் உயரம் இறங்கினால் 28 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். டிரம் ஒன்று 50 கிலோ வீதம் ஆறு டிரம், காற்றில் ஆறுவதைச் சேர்க்கவில்லை என்றால், ஒவ்வொன்றிலும் 190 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இப்படியே தொடர்ந்து இறங்கினால் நிலைமை கைமீறலாம்.

மறுநாள் மோட்டார் வாகனச் சட்டம் 136-ஆம் பிரிவின்படி ஆய்வாளர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஆறியிருக்கும், பிரேக்கும் பிடிக்கும். ‘இயந்திரக் கோளாறு இல்லை’ என்று எழுதியாயிற்றென்றால் மிச்சம் ஓட்டுநரின் அஜாக்கிரதை ஒன்றுதான். ஆகவே இதற்குத் தனிச்சொல் வேண்டும். என் பரிந்துரை: பிரேக் மங்கல்.

நாமக்கல்லிலிருந்து

மங்கல் வேண்டாங்க. அது விளக்குக்கும் சாயத்துக்கும் போகிற சொல். அதே அறிக்கையில் நாலு வரி தள்ளி ‘பிரேக் விளக்கு மங்கல்’ என்று வந்தால் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

‘சோர்வு’ என்று யாரும் ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் சோர்வு ஏற்கெனவே இருக்கிறது, ஆக்சில் முறிவுக்கு உலோகச் சோர்வும் இருக்கிறது. மூன்றாவதாகப் பிரேக்கும் சோர்ந்தால் அறிக்கையே தூங்கிவிடும்.

எந்தச் சொல் வைத்தாலும், அதன் கீழே வரும் விளக்கத்தில் என்ன தேட வேண்டும் என்று இருக்கட்டும். டிரம்மைக் கழற்றினால் உள்முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் தெரியும். லைனர் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். ஹப் சீல் உருகி கிரீஸ் கசிந்திருக்கலாம். சம்பவ இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போக முடிந்தால் அகச்சிவப்பு வெப்பமானியால் ஆறு டிரம்மையும் அளந்துவிட வேண்டும். ஆறு டிரம்மும் ஒரேபோல் கொதித்தால் ஃபேட் என்று சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் அது வேலையே செய்யவில்லை. அதன் பங்கையும் மற்றவை சுமந்திருக்கின்றன.

கிரேன்காரர் வருவதற்கு முன் புஷ்ராடு ஓட்டத்தையும் அளக்க வேண்டும். 6 முதல் 7 பார் வரை ஏர் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, சேம்பர் (புஷ்ராடைத் தள்ளும் காற்றறை) முகத்தை ஒட்டிப் புஷ்ராடில் சாக்பீஸால் கோடு போட்டுப் பெடலை மிதித்தால், கோடு நகர்ந்த தூரம்தான் ஓட்டம். 30-ஆம் எண் சேம்பரில் மொத்த ஓட்டம் 64 மி.மீ.; 51-ஐத் தாண்டினாலே அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும் என்பது அமெரிக்க வரையறை. ஆறிய நிலையிலேயே 50 காட்டுகிற வண்டி, டிரம் விரிந்ததும் 64-ஐ முட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு ஏர் போனாலும் லைனருக்கு அழுத்தம் சேராது.

இங்கேதான் தடயம் அழிகிறது. வண்டியை இழுக்க வேண்டும் என்று ஸ்பிரிங் பிரேக் போல்ட்டை முறுக்கிப் பிரேக்கை விடுவித்து, புஷ்ராடு ஓட்டத்தைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் பின்னுக்குத் தளர்த்திவிடுகிறார்கள். பிறகு எடுக்கிற அளவு மெக்கானிக் வைத்த அளவு.

சத்தியமங்கலத்திலிருந்து

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும் வண்டிகளை நினைத்தே யோசித்தேன். ‘பிரேக் வெம்பல்’ எப்படிங்க? சூட்டால் கெடுவதைத்தானே வெம்புதல் என்கிறோம்.

பவானியிலிருந்து

வெம்பல் நல்ல சொல்தான், ஆனால் வெம்பின காய் திரும்பத் தேறாது. பிரேக் ஆறினால் தேறிவிடுகிறது. ஆய்வாளர் ஏமாறுவதே அதனால்தான். வெயிலில் தொங்கிப்போகும் கத்தரிச் செடி பொழுது சாய்ந்ததும் நிமிர்கிறதே, அது வாடல். ஆகவே ‘பிரேக் வாடல்’.

‘வாட்டம்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் கொத்தனார் முதல் ரோடு போடுகிறவர் வரை வாட்டம் என்றால் சரிவு. சரிவில்தான் இந்த விபத்தே நடக்கிறது, குழப்பம் உறுதி.

வாடலை ஓட்டுநர் தூக்கத்திலிருந்து பிரித்தறியவும் ஒரு குறிப்பு சேருங்கள். வாடிய பிரேக் சக்கரத்தைப் பூட்டாது, ரோட்டில் சறுக்குத்தடம் விழாது. ஓட்டுநர் தூங்கியிருந்தாலும் தடம் விழாது. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி நன்றாகப் பிடித்தாலும் தடம் மங்கலாகத்தான் இருக்கும். தடம் இல்லை என்பதால் மிதிக்கவில்லை என்று எழுதக் கூடாது. சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பிரேக் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று பாருங்கள். பதிவு இல்லையென்றால் பின்விளக்கு பல்ப்பைப் பத்திரப்படுத்துங்கள்: மோதும்போது எரிந்திருந்தால் சூடான இழை நீண்டு நெளிந்திருக்கும், அணைந்திருந்தால் சட்டென ஒடிந்திருக்கும். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

கியர் லிவர் நியூட்ரலில் இருந்ததை மட்டும் வைத்தும் முடிவுகட்ட வேண்டாம். கேபின் நசுங்கினால் லிவர் தானாக நகரும். கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து உள்ளே எந்தப் பல் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே சரி.

நாமக்கல்லிலிருந்து

வாடலுக்கு என் ஓட்டு. ‘பிரேக் வாடியது’ என்று வினையாகவும் வரும், ஓட்டுநர் வாக்குமூலத்திலும் உறுத்தாது. லைனர் மெருகேறல் தனிப் பதிவாக இருக்கட்டும். அது ஆறினாலும் போகாது, லைனரைத்தான் மாற்ற வேண்டும்.

சங்ககிரியிலிருந்து

மங்கலைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் ஏற்றியது:

பிரேக் வாடல் – தொடர்ந்து மிதித்ததால் சூடேறிப் பிடிமானம் குறைந்து, ஆறியபின் மீளும் நிலை. பாகம் முறிந்திருக்க வேண்டியதில்லை. காண்க: பிரேக் செயலிழப்பு, லைனர் மெருகேறல், புஷ்ராடு ஓட்டம்.

எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்த சொல் ‘ஜாக்நைஃப்’ (இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் கத்திபோல் மடங்கிக்கொள்வது). ‘மடக்குக்கத்தி’ என்று மட்டும் யாரும் அனுப்பாதீர்கள்.