ஈசிஜி நார்மல்னு வந்த பிறகும் நெஞ்சு படபடப்பு நிக்காதவங்களுக்காக

போன வருஷம் ஆடி மாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு முழிச்சேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, விரலெல்லாம் மரத்துப் போச்சு, இன்னிக்கு முடிஞ்சோம்னு நெனச்சு வீட்டுக்காரிய எழுப்பி பீரோ சாவி எங்க இருக்குன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்தாங்க, நார்மல், கேஸ் ட்ரபுள்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. அடுத்த மூணு மாசத்துல இன்னும் நாலு தடவ வந்துச்சு. எக்கோ, தைராய்டு எல்லாம் பாத்தாச்சு, எல்லாமே நார்மல். அது வந்தத விட, மறுபடி வந்துருமோங்கற பயந்தான் ஆளையே தின்னுருச்சு. பஸ்ல படிக்கட்டு பக்கத்து சீட்டு கிடைச்சாதான் ஏறுவேன், பையில தண்ணி பாட்டில் இல்லாம தெருமுனை தாண்ட மாட்டேன்.

கடைசியா ஜிஹெச் மனநல ஓபிக்கு போனேன். சீட்டுல அந்த வார்த்தைய பாத்ததும் மடிச்சு சட்டைப் பைக்குள்ள வச்சுட்டேன். டாக்டர் இது பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீர்னு பயம் வந்து தாக்குற மனநலக் கோளாறுன்னு சொல்லி எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதுனாரு, வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்பத்துல படபடப்பு கொஞ்சம் கூடலாம், நீங்களா நிறுத்திராதீங்கன்னு முன்னாடியே சொன்னாரு, சொல்லலன்னா நான் நாலாம் நாளே நிறுத்தியிருப்பேன். ஆனா என்னைய திருப்புனது சைக்காலஜிஸ்ட் மேடம்தான். நின்ன இடத்துலயே ஒரு நிமிஷம் ஓடச் சொன்னாங்க, நெஞ்சு அப்படியே அந்த ராத்திரி மாதிரி அடிச்சுது. "இது சாவா, இல்ல ஓடுனதால வந்த துடிப்பா"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. இது பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்கு போயிட்டு தானா எறங்கிரும், தப்பிச்சு ஓடாம உக்காந்து பாருங்கன்னாங்க.

—

அண்ணா, எனக்கு ஓசிடி, ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து செஞ்சதையே மறுபடி மறுபடி செய்ய வைக்கிற நோய். கேஸ மூடுனேனான்னு பூட்டுன கதவ திறந்து திறந்து பாப்பேன், அப்புறம் அடுப்ப போட்டோ எடுத்துட்டு போய் ஆபீஸ்ல உக்காந்து பாப்பேன், அந்த போட்டோவையும் நம்ப முடியாது. பொறுப்பான பொண்ணுன்னு எல்லாரும் பாராட்டுனாங்க, அதுலயே எட்டு வருஷம் போயிருச்சு. தெரபில ஒரே தடவ பாத்துட்டு பூட்டணும், போட்டோ கூடாது, பதட்டம் வந்தா வரட்டும், திரும்பி மட்டும் போகக்கூடாதுன்னு சொன்னாங்க. முதல் நாள் பஸ் ஸ்டாப்லயே அழுதுட்டேன். இப்ப ரெண்டு தடவ பாக்குறேன். அம்மாதான் இன்னும் மந்திரிக்கலாம்ங்கறாங்க.

—

எட்டு வருஷம் தனியாவே தாங்கிருக்கியேம்மா. அம்மாவ ஒரு தடவ கூடவே ஓபிக்கு கூட்டிட்டுப் போ, என் வீட்டுக்காரி டாக்டர் வாயால கேட்ட பிறகுதான் நான் நடிக்கலைன்னு நம்புனா. நேர்ல போகத் தயங்குறவங்க அரசாங்கத்தோட மனநல உதவி போன், டெலி மானஸ் 14416க்கு போடுங்க, 2022ல இருந்து இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நான் மொதல்ல வாய் திறந்து சொன்னதே அந்த போன்லதான், மொட்டை மாடில நின்னுக்கிட்டு.