திருச்சி – பலாலி: வானத்துல எத்தனை நிமிஷம்?

உறையூர்க்காரன்:
மாமனார் 2023ல தவறினப்போ திருச்சியிலருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் கிடையாது. சென்னை விமானத்துல அன்னைக்கு சீட் இல்ல. கொழும்புக்குப் பறந்து, அங்கருந்து ராத்திரி பஸ், கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். நாங்க போய் இறங்கினப்போ காடாத்துக்குக் கிளம்பிட்டிருந்தாங்க. இவ அப்பா முகத்தைப் பார்க்கல.

2025 மார்ச் 30ல திருச்சியிலருந்து பலாலிக்கு, அதான் யாழ்ப்பாண ஏர்போர்ட்டுக்கு, நேர் விமானம் ஆரம்பிச்சதும் திவசத்துக்கு அதுல போனோம். சக்கரம் தரையை விட்டதும் இவ போன்ல ஸ்டாப்வாட்சை அமுக்கினா. எதுக்குன்னு நான் கேக்கல. கொஞ்ச நேரம் கடல், அப்புறம் பனை. தரை தட்டினதும் நிறுத்தினா. 39:12. என் பக்கம் திருப்பிக் காட்டிட்டு உள்ள வெச்சுட்டா. இன்னும் அதை அழிக்கல. அலாரம் வைக்க அவ போனை எடுத்தா அதுதான் கண்ணுல படுது.

கணக்குப்பிள்ளை:
39 நிமிஷம்னு போட்டா நாலு பேர் அதை நம்பிக் கிளம்புவாங்க சார். டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு இருக்கும். கதவைச் சாத்தி நகர்ந்ததுலருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள கணக்கு அது. நேர்க்கோட்டுல சுமார் 185 கிலோமீட்டர்தான். இதுல ஓடுற ஏடிஆர்ங்கிற சின்ன விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் கிட்ட போகும். ஆனா இவ்வளவு கிட்டத்துக்கு ஏறவும் இறங்கவுமே நேரம் சரியா இருக்கும். சென்னையிலருந்து 355 கிலோமீட்டர், அதுவும் இதே மாதிரி சின்ன விமானம்தான், பலாலி ஓடுபாதை நீளம் கம்மி.

நான் சென்னை வழியா போனேன். எடை கூடுதுன்னாங்க, ரெண்டு கிலோ முறுக்கை வரிசையில நின்னவங்களுக்கே கொடுத்துட்டேன். அதனால சொல்றேன்: வீட்டுலயே எடை போட்டுப் பாருங்க. கிட்டத்துலதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, இமிகிரேஷன் உண்டு, மூணு மணி நேரம் முன்னாடி போங்க. ஈ.டி.ஏ.வை, அதான் இலங்கைக்குள்ள போக ஆன்லைன்ல வாங்குற அனுமதியை, பிரிண்ட் எடுத்துக்கோங்க. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், வாட்சைத் திருக வேண்டாம். சாமான் நிறைய இருந்தா நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலை விசாரிங்க, நாலு மணி நேரம் ஆகும்.

வடமராட்சிப் பெடியன்:
கணக்குப்பிள்ளை அண்ணை, அந்தாள் நேர அட்டவணையே போட்டது? வடிவா வாசிச்சனீங்களோ?

எங்கடை அம்மம்மா 90இலை மன்னாரிலையிருந்து வள்ளத்திலை போனவ. ஒரு இரவு முழுக்கக் கடல். பிறகு கொட்டப்பட்டு அகதி முகாம், திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலை. போன வருசம் நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான். பலாலியிலை எல்லாரும் இறங்கியாச்சு, அம்மம்மா பெல்ட்டைக் கழட்ட விடுறா இல்லை. "ஒரு சுத்துச் சுத்திப்போட்டு கொட்டப்பட்டிலையே இறக்கிப்போட்டாங்கள்" எண்டு நிண்டா. ஏர்ஹோஸ்டஸ் பிள்ளை மூண்டு தரம் வந்திட்டுது. நான் ஜன்னலாலை பனையைக் காட்டினன்.

"பனை அங்கையும் நிக்குது" எண்டா.

உறையூர்க்காரன்:
இவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். முறுக்குக்குச் சிரிச்சா. அம்மம்மா வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. "அவ எந்த இடமாம்?"னு கேக்கிறா. சொல்லுங்க தம்பி.