லோடு வண்டியில் டீசல் மிச்சம் பண்ணணும், இன்ஜினும் கெடக்கூடாது: என்ன வழி?

ஒட்டன்சத்திரம்_பிக்கப்:

வணக்கம். வண்டி 2.5 லிட்டர் பிக்கப், பிஎஸ்4 (புகை அளவு விதி), காமன் ரெயில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் போகும் வகை), 2018 மாடல். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு. போகும்போது ஒன்றேகால் டன், திரும்பும்போது காலி கிரேட். முன்னாடி லிட்டருக்கு 13 கிடைச்சது, இப்போ 11க்குக் கீழே போயிடுச்சு. கறுப்புப் புகை பெரிசா இல்லை. இழுவை கொஞ்சம் மந்தம்.

ஸ்டாண்டில் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்றாங்க. ஓட்டல் பொரிச்ச எண்ணெயை வடிகட்டி ஊத்தச் சொல்றாங்க. 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடுற ஆயில்) விடு, டீசல் பைப்பில் காந்தம் கட்டு, இறக்கத்தில் நியூட்ரல் போடு, இப்படி. இதில் எது செய்யலாம், எது கூடாது? காரணத்தோட சொன்னா நல்லாயிருக்கும்.

பம்ப்_காலிபர்:

மண்ணெண்ணெயில் ஆரம்பிக்கிறேன், பெரிய பில் அதில்தான் வரும்.

பழைய இன்லைன் பம்பில் கேம் பகுதிக்கு இன்ஜின் ஆயிலே போகும். அதனால் அந்தக் காலத்து வண்டிகள் மண்ணெண்ணெயை ஓரளவு தாங்கின. "எங்க தாத்தா லாரிக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிற பேச்சு அங்கிருந்து வந்தது. உங்க வண்டியில் ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் (டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் பாகம்) டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. ரெயிலில் 1,600 பார் வாக்கில் அழுத்தம் இருக்கு. இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான்தான். டீசலின் வழுக்குத் தன்மைக்கு இந்தியத் தர அளவே இருக்கு: சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கு இல்லை. பம்ப் தேய்ஞ்சு இரும்புப் பொடி கிளம்பினா அது ரெயில் வழியா நாலு இன்ஜெக்டருக்கும் போகும், ரிட்டர்ன் வழியா டேங்குக்கும் திரும்பும். பம்பை மட்டும் மாத்தினா வேலை முடியாது. டேங்க், பைப், ரெயில் எல்லாத்தையும் கழுவணும். ஒரு இடத்தில் பொடி தங்கினாலும் புதுப் பம்ப் அதே வழியில் போயிடும்.

லாபமாவது உண்டான்னா அதுவும் இல்லை. மண்ணெண்ணெய் லேசான சரக்கு. ஒரு லிட்டரில் இருக்கிற வெப்பம் டீசலை விட 3, 4 சதவீதம் குறைவு. சத்தம் மாறினதைப் பார்த்து "வண்டி லைட்டா ஓடுது" என்பார்கள், லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் குறையத்தான் செய்யும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் போட்டிருப்பது இந்தக் கலப்படத்தைப் பிடிக்கத்தான். பிடிபட்டா அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு வரும்.

பொரிச்ச எண்ணெய்: 40 டிகிரியில் டீசலின் பிசுக்கு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ். சமையல் எண்ணெய்க்கு 35 வாக்கில். துணியில் வடிகட்டினா துகள் போகும், பிசுக்கு போகாது. இன்ஜெக்டர் அதைப் பனி மாதிரி தூவாம துளித்துளியா விடும். துளி முழுசா எரியாம நாசில் நுனியில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கும், மிச்சம் லைனர் (சிலிண்டர் உள்சுவர்) வழியா சம்புக்கு (அடியில் ஆயில் நிக்கும் தொட்டி) இறங்கி இன்ஜின் ஆயிலைக் கட்டியாக்கும். அப்புறம் ஆயில் பம்பால் அதை உறிஞ்ச முடியாது. ஓட்டல் எண்ணெயில் உப்பும் தண்ணியும் வேற இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் ரூகோன்னு ஒரு திட்டத்தில் பழைய எண்ணெயைச் சேகரிக்க ஆரம்பிச்சது நிஜம். ஆனா அது ஆலைக்குப் போய், மெத்தனாலோட வினைபுரிஞ்சு, கிளிசரின் பிரிஞ்ச பிறகுதான் பயோடீசல். கேனில் இருக்கிறது வெறும் எண்ணெய்தான்.

2டி ஆயில் பிஎஸ்4 வண்டிக்குப் பெரிய கெடுதல் செய்யாது, மைலேஜும் தராது. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிற பிஎஸ்6 வண்டியில் விடவே கூடாது, அதன் சாம்பல் ஃபில்டரிலேயே தங்கிடும். காந்தம்: டீசலைக் காந்தம் ஒண்ணும் செய்யாது. அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

நாலுபோல்ட்:

மேலே சொன்னது எல்லாமே சரி. 13ல் இருந்த வண்டி 11க்கு வந்திருக்குன்னா டீசல் எங்கேயோ வீணாகுது. அந்த இடத்தைப் பிடிங்க.

முதல்ல அளவு. 11ன்னு எப்படி எடுத்தீங்க? மீட்டரில் காட்டுறதை நம்ப வேண்டாம். ஒரே பங்க், ஒரே நாசில். வண்டி சமதளத்தில் நிக்கணும். நாசில் முதல் தடவை தானா கட் ஆனதும் நிறுத்துங்க, அதுக்கு மேல தளும்பத் தளும்ப ஊத்தாதீங்க. டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி 300 கி.மீ.க்குக் குறையாம ஓட்டி, அதே மாதிரி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுங்க. லோடு நடையும் காலி நடையும் ஒரே விகிதத்தில் இருக்கணும், இல்லேன்னா கணக்கு ஏமாத்தும். பங்க் மேல சந்தேகம் இருந்தா 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடிச்சுக் காட்டச் சொல்லலாம், மறுக்க முடியாது. கூடவோ குறையவோ 25 மில்லி வரைக்கும்தான் அனுமதி. விடியக்காலையில் போட்டா டீசல் அதிகம் கிடைக்கும்னு சொல்வாங்க. டேங்க் நிலத்துக்கு அடியில் இருக்கு, சூடு பெரிசா மாறாது, வித்தியாசம் கணக்கிலேயே வராது.

அப்புறம் இந்த வரிசையில் பாருங்க. காசு கம்மியா ஆகிறது முதலில்.

டயர் காத்து: காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. அளவு கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கும். லோடு வண்டிக்குப் பின் டயர் அளவு தனி. கண்ணால் பார்த்து "நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க, 10 பிஎஸ்ஐ குறைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது.

பிரேக் பிடிப்பு: 20 கி.மீ. ஓட்டிட்டு, கடைசியில் பிரேக்கை அழுத்தாம வண்டியைத் தானா உருண்டு நிக்க விடுங்க. நாலு வீலையும் நடுவில் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்கே பிரேக் விடலை. முன் வீல்னா காலிபர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பின் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், கழட்டித் துடைச்சு அதுக்கான கிரீஸ் போட்டா போதும். பின் வீல்னா லைனிங் செட்டிங் இறுக்கமா இருக்கும், இல்லேன்னா ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பி வரலை. காய்கறி லோடில் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், கேபிள் துருப்பிடிக்க அதுவே போதும்.

ஏர் ஃபில்டர்: பஞ்சர் கடை காத்தை நேரா அடிக்காதீங்க. பேப்பர் கிழிஞ்சு கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், தூசி நேரா டர்போவுக்குப் போகும். 30 பிஎஸ்ஐக்குள், உள்ளேயிருந்து வெளியே. அதுவும் ஒண்ணு ரெண்டு தடவைதான், அப்புறம் புதுசு போடுங்க.

டீசல் ஃபில்டர்: அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி கண்ணாடி பாட்டிலில் பிடிச்சு பத்து நிமிஷம் அசையாம வைங்க. அடியில் தண்ணி தனியா நின்னா பங்க்கை மாத்துங்க. புது ஃபில்டர் போடும்போது சிலர் கேனிலிருந்து டீசலை ஃபில்டருக்குள்ளேயே ஊத்தி மாட்டுவாங்க. வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்தில் விழுந்தா நேரா இன்ஜெக்டருக்குத்தான் போகும். காலியாவே மாட்டி, கை பம்பில் அடிச்சு ஏத்துங்க.

இண்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கும் பாகம்) ஓஸ்: விரிசல் விட்டிருந்தா இழுவை மந்தமாகும். ஆனா அதுக்குப் பெரும்பாலும் கறுப்புப் புகையும் வரும். உங்களுக்கு இல்லை, அதனால இது பின்னாடி.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் வழி): இதெல்லாம் சரியா இருந்தா மட்டும். நாலு ரிட்டர்ன் முனையிலும் ஒரே அளவு பாட்டில் மாட்டி, ஐடிலில் ஓடவிட்டா நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு நிறையணும். ஒண்ணில் மட்டும் மூணு மடங்கு வந்தா அந்த இன்ஜெக்டர் உள்ளே கசியுது. இதைத் தெரிஞ்ச ஆள்தான் செய்யணும். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பின் நட்டை யாரும் தளர்த்தக் கூடாது. அந்தப் பீச்சல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும், உடனே ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு கேள்வி. ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நிக்குது?

காட்_டிரைவர்:

நியூட்ரல் பத்தி யாரும் சொல்லலையே. நான் கேள்விப்பட்டவரை இறக்கத்தில் நியூட்ரல் போட்டா கொஞ்சம் மிச்சம்தான்.

பம்ப்_காலிபர்:

இல்லைங்க, நேர் எதிர். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டா, இன்ஜின் சுத்து ஐடிலுக்கு மேல இருக்கிற வரைக்கும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரை மூடிடும். செலவு பூஜ்யம், வீல்தான் இன்ஜினைச் சுத்துது. நியூட்ரல் போட்டா இன்ஜின் நிக்காம இருக்க ஐடில் டீசல் குடிச்சே ஆகணும். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு இங்கே செல்லாது. தர்மபுரி பக்கம் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்ல வந்த லோடு வண்டிகளால எத்தனை விபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். முழு வேகத்தையும் பிரேக்கே தாங்கணும்னா லைனிங் சூடாகி பிடிக்காம போயிடும். ஏறின கியரிலேயே இறங்குங்க.

ஓட்டற விதத்தில் நிஜமா மிச்சம் வேகத்தில்தான் இருக்கு. காத்தோட தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 60ல் இருக்கிறதை விட 80ல் ஏறக்குறைய 78 சதவீதம் அதிகம். கேபினுக்கு மேல நீட்டி நிக்கிற கிரேட் அடுக்கும், படபடன்னு அடிக்கிற தார்ப்பாயும் அதைக் கூட்டும். காலி கிரேட்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி கேபின் உயரத்துக்குள்ள வைங்க, தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்க.

ஆனா மிச்சம் பிடிக்கிறேன்னு ஏத்தத்தில் அஞ்சாவது கியரில் நிமிஷத்துக்கு 1,200 சுத்துக்கு இறக்கி அழுத்தாதீங்க. அந்தச் சுத்தில் டர்போ காத்து போதாது, புகை தள்ளும், பேரிங்கும் கிளச்சும் அடி வாங்கும். லோடோட 1,600லிருந்து 2,200க்குள்ள வைங்க.

மார்க்கெட் கேட்டில் வரிசையில் நிக்கும்போது ஆஃப் பண்ணலாம். இந்த இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு முக்கால் லிட்டர் வாக்கில் குடிக்கும். ஏத்தம் ஏறி வந்த உடனே மட்டும் ஒரு நிமிஷம் ஐடில் விட்டு அப்புறம் நிறுத்துங்க, டர்போவில் ஆயில் கருகாம இருக்கும்.

ஒட்டன்சத்திரம்_பிக்கப்:

ரொம்ப நன்றிங்க. முன் இடது வீல் சூடாத்தான் இருக்கு, காலிபர் பார்க்கச் சொல்றேன். முள் கேட்டீங்களே, கால்வாசிக்கு மேல ஏறுறதே இல்லை. நல்லதுதானேன்னு இருந்தேன். போன வெயிலில் சூடாகுதுன்னு ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாம தடுக்கும் வால்வு) கழட்டிவிட்டாங்க.

நாலுபோல்ட்:

அதான் அண்ணா விஷயம். நம்ம ஊர் பட்டறையில் சூடுன்னு போனா முதல் வைத்தியமே தெர்மோஸ்டாட்டைக் கழட்டுறதுதான். இன்ஜின் குளிர்ந்தே ஓடினா ஈசியூ இன்னும் சூடேறலைன்னு நினைச்சு அதுக்கேத்த மாதிரி டீசல் விடும். ஆயில் கெட்டியாவே இருக்கும், உராய்வு கூடும். எரியாத டீசல் லைனரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவி சம்புக்கு இறங்கும். இழுவை மந்தத்துக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்.

இதில் இன்னொண்ணு. பல இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டிட்டா பைபாஸ் திறந்தே இருக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்திக்கிட்டிருக்கும். சமவெளியில் குளிர்ந்து ஓடுற வண்டி ஏத்தத்தில் சூடாகும். முதல்ல ஏன் சூடாச்சுன்னு பாருங்க: ரேடியேட்டர் வெளிப்பக்கம் மண் அடைப்பு, ஃபேன் கிளச், ரேடியேட்டர் மூடி.

புதுசு வாங்கும்போது உங்க இன்ஜினுக்கு உரிய பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்க, திறக்கிற டிகிரி அதன் மேலேயே அடிச்சிருக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்தில் தண்ணியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வச்சு சூடேத்துங்க. அந்த டிகிரிக்கு ரெண்டு மூணு முன்னப்பின்ன வாய் திறக்கணும். சின்ன ஆடும் பின் மேல்பக்கம் வர்ற மாதிரி மாட்டுங்க, காத்து வெளியேற அதுதான் வழி. போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்புப் படியும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஹீட்டர் திறந்து வச்சு ஓடவிட்டு காத்தை எடுங்க. இன்ஜின் ஆயில் லெவலையும் பாருங்க. குச்சியில் அளவு ஏறி, டீசல் வாடை அடிச்சா ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாத்திடுங்க.

பிஎஸ்6_ஓனர்:

நடுவில் வர்றேன், மன்னிக்கவும். என் வண்டி பிஎஸ்6. ஊருக்குள்ளேயே டெலிவரி ஓட்டம். எனக்கும் ஆயில் அளவு ஏறுது, மைலேஜும் குறையுது. தெர்மோஸ்டாட்டா?

பம்ப்_காலிபர்:

உங்களுக்குப் பெரும்பாலும் டிபிஎஃப். புகைக்கரியை எரிக்க ஈசியூ கூடுதல் டீசல் விட்டு ஃபில்டரை 600 டிகிரி வாக்கில் சூடேத்தும். நடுவில் நீங்க ஆஃப் பண்ணிட்டா வேலை பாதியில் நிக்கும், மறுபடி முதலிலிருந்து. விட்ட டீசலில் ஒரு பங்கு ஆயிலில் சேரும். ஆயிலை மாத்துங்க. கம்பெனி சொன்ன குறைந்த சாம்பல் ஆயில்தான், விலை கம்மின்னு பழைய தரம் போடாதீங்க. வாரம் ஒரு தடவையாவது பைபாஸ் ரோட்டில் 2,000 சுத்துக்கு மேல வச்சு 20, 25 நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்க. டிபிஎஃப் விளக்கு மினுக்கிக்கிட்டிருக்கும்போது கடை வாசலில் ஆஃப் பண்ணாதீங்க. அப்படி ஓட்டியும் விளக்கு போகலேன்னா ஸ்கேனர் வச்சு கரி அளவைப் பார்க்கச் சொல்லுங்க. டிபிஎஃப்பைக் கழட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, எஃப்சியில் (வண்டித் தகுதிச் சான்று சோதனை) மாட்டிப்பீங்க.