ஒரு விரலால் காட்டக்கூடிய வலி

குன்னூர்க்காரன்:
காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காகக் காலை ஐந்தரைக்கே எழுந்து எஸ்டேட் ரோட்டில் ஓடினேன். எங்கள் பக்கம் சேர்ந்தாற்போல் கால் கிலோமீட்டர் சமதளம் கிடைப்பதே பெரிது.

மூன்றாவது வாரம் வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரு வலி. ஓட ஆரம்பித்த பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடும். சரி, சதைப்பிடிப்பு என்று விட்டுவிட்டேன். அம்மா ராத்திரி தைலம் தேய்த்துவிட்டார். (நீலகிரித் தைலம்தான். ஊரே அந்த வாசம், மருந்தென்றே தோன்றாது.) அடுத்த வாரம் வலி ஓட்டம் முடியும்வரை கூடவே வந்தது. அப்புறம் வீட்டுப் படி இறங்கும்போது. கடைசியில் கம்பளிக்குள் சும்மா படுத்திருக்கும்போதே விண்விண் என்று தெறித்தது. அப்போதும் நிறுத்தவில்லை, தேர்வுத் தேதி நெருங்குகிறதே.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சந்தோஷமாக மறுபடி ஓடினேன், அங்கேதான் கெட்டது. எனக்கு வந்தது எலும்பில் மயிரிழை விரிசல். அது முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம். கோயம்புத்தூர் டாக்டர் படத்தைக் கையில் வாங்கும் முன்பே, "வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டுங்க" என்றார். காட்டினேன். அங்கே அழுத்தியதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சாண் நீளத்துக்குப் பரவிய வலி என்றால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய பகுதியின் அழற்சி, ஒரே புள்ளியில் நின்றால் எலும்பையே சந்தேகப்பட வேண்டும் என்றார். எம்.ஆர்.ஐ.யில் விரிசல் தெரிந்தது. 8 வாரம் ஓட்டம் கிடையாது. அந்த வருடத் தேர்வும் போச்சு.

கொடை ஏரிக்கரை:
தம்பி, எனக்கு முட்டி. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஓடிய வரை தொந்தரவில்லை, பெருமாள்மலைப் பக்கம் இறக்கத்தில் ஓடப் போய்த்தான் வந்தது. இறக்கத்தில் தொடைச் சதைதான் பிரேக் போடும். மறுநாள் இரண்டு தொடையும் ஒரேபோல கனத்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். எனக்கோ இடது முட்டி மட்டும், லேசான வீக்கத்தோடு. கூட ஓடிய பெண்தான் "அக்கா, நொண்டுறீங்க" என்றாள். வலிக்காமல் இருக்க நானே நடையை மாற்றியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை! அங்கேயே பஸ் ஏறிவிட்டேன். பத்து நாள் நடை மட்டும், தப்பித்தேன்.

ஊட்டி பழைய கோல்கீப்பர்:
மே மாதம் சமவெளியிலிருந்து பயிற்சிக்கு வரும் பசங்கள் 2,200 மீட்டர் உயரத்தில், வந்த மறுநாளே ஊரில் ஓடிய வேகத்தில் ஓடுவார்கள். தலைவலித்தால், உயரத்தை நினைக்காமல் வெயில் என்பார்கள். குளிரில் தாகமும் சரியாக எடுக்காது. காலையில் படுக்கையிலேயே நாடி பாருங்கள் என்பேன். எனக்கு வழக்கமாக 60. ஒரு நாள் 72 இருந்தது, பந்தைத் தொடவில்லை. சாயங்காலம் காய்ச்சல்.

குன்னூர்க்காரன்:
நாடி பார்க்கிறேன் அண்ணா. இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் ஓட்டம். அம்மா இன்னும் தைலத்தோடுதான் வருகிறார். தேய்க்கும் முன் அவரே கேட்டுவிடுகிறார்: "எங்கே, ஒரு விரல்ல காட்டு."